மணிக்கட்டில் நான்கு இலக்கங்கள்

அத்தியாயம் 7

"கொலை பண்ண வந்தவன் பேனாவும் எடுத்துகினு வருவானா சார்?" என்று கேட்டாள் அன்புச்செல்வி. "செத்தவர் கையில நம்பர் போட்டுட்டுப் போறதுக்கு அவன் இன்னா கொரியர் ஆபீஸா நடத்தறான்?"

இளஞ்செழியன் தன் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கினார். வயதான ஒருவரின் இடது மணிக்கட்டு. நீல மையில் அவசரமாகக் கிறுக்கிய நான்கு இலக்கங்கள். 0112.

அந்த மணிக்கட்டு முள்ளிப்பட்டு மாணிக்கவேலுடையது. அறுபத்து மூன்று வயது. வீட்டிலேயே இரண்டு பட்டுத்தறி வைத்திருந்தவர். வியாழக்கிழமை காலையில் தறிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் செத்துக் கிடந்தார். சட்டைப் பொத்தான்கள் பிய்ந்திருந்தன. மார்பெலும்பும் மூன்று விலா எலும்புகளும் முறிந்திருந்தன. யாரோ நெஞ்சில் ஏறி மிதித்திருக்கிறார்கள் என்றது போலீஸ். அங்கே இரண்டாவது தறியில் பத்தொன்பது வருஷமாக நெய்த அன்பரசு முந்தின நாள் சாயங்காலம் அவரோடு வாய்ச்சண்டை போட்டதைத் தெருவே கேட்டிருந்தது. அவனை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். இன்று ஞாயிறு. அவன் இன்னும் வீடு திரும்பவில்லை.

மாணிக்கவேலின் மகன் சிவகுமார் அன்றைக்குச் சேலைகளோடு பெங்களூர் போயிருந்தார். வீட்டில் இருந்தது சிவகுமாரின் மனைவி திலகவதி மட்டும்தான், அவளும் மாடியில். "கீழ வந்து பாத்தேன், மாமா கெடந்தாரு, 108க்குப் போன் போட்டேன்" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. அன்பரசு இதைச் செய்திருப்பான் என்று சிவகுமாரால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் இளஞ்செழியனைத் தேடி வந்தார்.

இளஞ்செழியன் இருபது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரித்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அதே மாடியில் பியூட்டி பார்லர் நடத்தி, நஷ்டப்பட்டு மூடிவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவள் நாற்பத்தொரு வயது அன்புச்செல்வி. ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களுக்குத் தலை வாரிவிட்டவள். தலை வாரும்போது யாரும் வாயை மூடிக்கொண்டு உட்காருவதில்லை. ஆகவே ஊர்க் கதை பாதி அவளிடம் இருந்தது.

இப்போது இருவரும் ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்த ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் டூட்டி முடிந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"போன் வந்தது காலைல ஆறு முப்பத்து மூணுக்கு சார். பொம்பளக் குரல். செத்தவரோட போன்ல இருந்துதான்." நோட்டைப் புரட்டிப் படித்தான். "ஆண், வயது சுமார் அறுபது, உணர்வில்லை, மூச்சில்லை, சிபிஆர் ஆரம்பிக்கப் போறாங்க."

"சிபிஆர்னா?" என்றாள் செல்வி.

"நெஞ்சு நடுவுல ரெண்டு கையும் வெச்சு வேகமா அமுக்கணும்க்கா. நின்னுபோன இதயத்துக்குப் பதிலா நம்ம கை வேலை செய்யும். ஆனா நாங்க ஆறு அம்பத்தஞ்சுக்குப் போனப்போ யாரும் அமுக்கிகினு இல்ல. அந்தம்மா மட்டும் அழுதுகினு இருந்தாங்க. தலைக்குத் தலையணை வெச்சிருந்தாங்க. நான் மொதல்ல அதத்தான் உருவினேன். தலைய தூக்கி வெச்சா மூச்சு போற வழி மடங்கிடும். அப்புறம் நானும் அமுக்கிப் பாத்தேன், கை வெச்சப்பவே எலும்பு முறிஞ்சிருந்துச்சு."

"அப்படி அமுக்கினா எலும்பு முறியுமா?" என்று கேட்டார் இளஞ்செழியன்.

"வயசானவங்களுக்கு முறியும் சார். சரியா அமுக்கினாத்தான் முறியும்."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல சார். போனப்போ யாரும் செய்யல, அதனால யாருமே செஞ்சிருக்க மாட்டாங்கன்னு நானும் நெனச்சுட்டேன்." அவன் டீயைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்தான். "தப்பு பண்ணிட்டேனா சார்?"

"இனிமே யாராவது கேட்டா இதையே சொல்லுங்க. போதும்."

அவன் போனதும் இளஞ்செழியன் செல்வி பக்கம் திரும்பினார். "மருமகள் போன் பண்ணியிருந்தா, மாமனாருக்கு வயசு சுமார் அறுபதுன்னு சொல்லுவாளா?"

"எங்க மாமனார் வயசு எனக்கு மாசக் கணக்கோட தெரியும் சார். எப்ப போவாருன்னு எண்ணிகினே இருந்தேன்."

"மாணிக்கவேல் எண்பது கிலோ இருப்பார். தறிக்குழியில காலை விட்டு உட்கார்ந்திருந்தவரை வெளியே இழுத்து வெறும் தரையில போட்டிருக்காங்க. பக்கத்துலயே பாய் இருந்தது. வீட்டு மனுஷங்களா இருந்தா பாயிலதான் படுக்க வைப்பாங்க. கெட்டித் தரை வேணும்னு கத்துக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும். அப்படிக் கத்துக்கிட்ட கை தலையணை வைக்காது."

செல்வியின் முகத்தில் கிண்டல் போயிற்று. "அப்ப ரெண்டு பேர் இருந்திருக்காங்க."

"ரெண்டு பேர். ஒருத்திக்குப் படிப்பு இருந்தது. இன்னொருத்திக்குப் பாசம் மட்டும் இருந்தது."

"அந்த நம்பர் இன்னா சார்? போலீஸ்காரங்க டிசம்பர் ஒண்ணாந்தேதின்றாங்க. சிவகுமார் புடவை நம்பரான்னு தேடிப் பாத்துட்டாரு. நான் லாரி நம்பர்ன்னு நெனச்சேன்." அவள் நேரம் பார்க்கப் போனைத் தட்டி எடுத்தாள்.

இளஞ்செழியனின் பார்வை அந்தப் போனில் நின்றது. திரையில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் 10.20. இன்னொன்றில் 4.50.

"இது எந்த ஊர் நேரம்?"

"லண்டன். என் தங்கச்சி அங்க நர்ஸா இருக்கா இல்ல. நேரம் பாக்காம போன் பண்ணா கத்துவா. இப்பப் பனிக்காலம், நமக்கும் அவங்களுக்கும் அஞ்சரை மணி வித்தியாசம்."

அவர் ஒரு காலி சிகரெட் அட்டையை எடுத்து எழுதினார். 1.12. அதன் கீழே 5.30. கூட்டினார். 6.42.

போன் வந்தது ஆறு முப்பத்து மூன்று. ஆம்புலன்ஸ் வந்தது ஆறு ஐம்பத்தைந்து. இரண்டுக்கும் நடுவில் சரியாக வந்து உட்கார்ந்தது ஆறு நாற்பத்திரண்டு.

"முள்ளிப்பட்டுல தறி நெய்யறவரு கையில எவ லண்டன் டைம் எழுதுவா சார்?"

"ஒரு தடவை நடுவானத்துல செத்துப்போன ஒருத்தரோட கிளைம் பார்த்தேன். ஃபைல்ல எல்லா நேரமும் அஞ்சரை மணி பின்னாலயே இருந்தது. தப்புன்னு நெனச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம்தான் சொன்னாங்க. எந்த நாட்டுக்கு மேல பறந்தாலும் விமானத்துக்காரங்க குறிச்சு வைக்கிறது ஒரே கடிகாரத்தை வெச்சுத்தான். அவங்களுக்கு முதலுதவியும் கட்டாயம் சொல்லித் தர்றாங்க."

செல்வி எழுந்து நின்றுவிட்டாள். "கனிமொழி. முள்ளிப்பட்டு காலனி தருமன் பொண்ணு. ஏர் ஹோஸ்டஸ் இன்டர்வியூக்கு நான்தான் கொண்டை போட்டு அனுப்பினேன். பதினெட்டு ஹேர்பின். ஏரோப்ளேன் கவுந்தாலும் கொண்டை கவுறாதுன்னு சொல்லி அனுப்பினேன்."

*

செல்வி ஸ்கூட்டர் ஓட்ட, இளஞ்செழியன் பின்னால் உட்கார்ந்து போனார்.

தருமன் கட்டட வேலைக்குப் போகிறவர். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். "பாப்பா இப்பத்தான் டூட்டி முடிச்சு வந்துச்சுங்க. தூங்குது" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து கனிமொழி வந்தாள். இருபத்தாறு வயது. தூங்கின முகமாக இல்லை.

செல்வியின் கண் பழக்கப்படி நேராக அவள் தலைக்குப் போனது. வலது காதுக்கு மேலே ரூபாய் காசு அளவுக்கு முடி இல்லை. அதன் கீழே கழுத்து வரை ஒரு நகக்கீறல்.

"யாரு கனி முடியப் புடிச்சு இழுத்தது?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "டீ வாங்கியாப்பா." அவர் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் நின்றாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வியாழக்கெழம மொத பஸ்ல எறங்கி வந்துகினு இருந்தேன் சார். அவங்க வீட்டு ஜன்னல் ரோட்டுப் பக்கம். உள்ள பாட்டு ஓடுது, தறியும் ஓடுது. திடீர்னு தறி நின்னுச்சு. ஏதோ விழுந்த சத்தம். பாட்டு மட்டும் ஓடிகினே இருக்குது. ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். தறி மேல கவுந்து கெடந்தாரு."

"உள்ளே போனே."

"கதவு தொறந்துதான் இருந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன். தோளத் தட்டிப் பாத்தேன். மூச்சு இல்ல. எப்படி இழுத்து வெளிய போட்டேன்னு தெரியல. அவரு போன்லதான் பாட்டு ஓடிச்சு, அதுலயே 108 போட்டு ஸ்பீக்கர்ல வெச்சுட்டு அமுக்க ஆரம்பிச்சேன். முப்பது தடவ அமுக்கி ரெண்டு மூச்சு. மறுபடி முப்பது. எங்களுக்குப் பொம்மைய வெச்சுத்தான் சொல்லித் தருவாங்க. பொம்மைக்கு எலும்பு முறியாது."

"நீ அமுக்க ஆரம்பிச்ச நேரம்தானே அவர் கையில எழுதினது?"

கனிமொழி தலையசைத்து மறுத்தாள்.

"நிறுத்தின நேரம் சார். ஆம்புலன்ஸ்காரங்களுக்குத் தெரியணும்னு எழுதினேன். எழுதிப் பழகின டைம்தான் கைக்கு வந்துச்சு."

இளஞ்செழியன் பையிலிருந்து சிகரெட் அட்டையை எடுத்துப் பார்த்தார். அவர் போட்டு வைத்திருந்த கணக்கு அப்படியே தலைகீழானது. ஆறு நாற்பத்திரண்டுக்கு அந்தக் கைகள் நின்றன. அதற்கப்புறம் பதின்மூன்று நிமிஷம் ஒரு கையும் இல்லை.

"ஏன் நிறுத்தினே?"

"கை ஓஞ்சு போச்சு சார்."

"உன் முடி ஓய்ஞ்சு போய் விழலையே கனி" என்றாள் செல்வி. அதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

கனிமொழி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்தக்கா மாடியில இருந்து எறங்கி வந்தாங்க. யாரோ ஒருத்தி மாமனாரு நெஞ்சு மேல குனிஞ்சு அமுக்கிகினு இருக்கா. அப்பத்தான் ரெண்டாவது எலும்பு முறிஞ்சுது. சத்தம் அவங்களுக்கும் கேட்டுச்சு. யாரா இருந்தாலும் இழுக்கத்தான் சார் செய்வாங்க. நான் சொல்லச் சொல்ல அவங்க காதுல ஏறல. என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. அதுக்கு முன்ன அவங்க அவரத் தூக்கி மடியில வெச்சுகினு அழுதப்பதான் கையில எழுதினேன்."

"அப்புறம் ஏன் மறைஞ்சே? பயமா?"

"பயம் இல்ல சார். போன வருஷம் மஸ்கட்ல இருந்து வர்ற ஃப்ளைட். அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஊருக்கு வந்துகினு இருந்தாங்க. சாப்பாடு குடுத்துகினு இருக்கறப்ப தம்பி சாஞ்சுட்டாரு. நடைபாதையில போட்டு அமுக்கினேன். அண்ணன்காரரு, தம்பிக்கு வலிக்குதுன்னு என் கையப் புடிச்சுகினாரு. அவர விலக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. எறங்கினப்புறம் ஏர்போர்ட்ல யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்க, அந்த ரெண்டு நிமிஷம் நிறுத்தாம இருந்திருந்தா ஒருவேளை பொழச்சிருப்பாருன்னு. அவர் அங்கயே தரையில உக்காந்துட்டாரு." அவள் நிறுத்தினாள். "மாசாமாசம் அதே தேதிக்கு எனக்கு மெசேஜ் அனுப்புவாரு. ரெண்டே நிமிஷம்தானே மேடம்னு கேப்பாரு. அவ்வளவுதான் எழுதுவாரு. இன்னொருத்தர அப்படி ஆக்கக்கூடாதுன்னுதான் சார் வெளிய சொல்லல. மறுநாள் டூட்டிக்குப் போயிட்டேன்."

"இங்கே இன்னொருத்தரை ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்கம்மா" என்றார் இளஞ்செழியன். "நெஞ்சில ஏறி மிதிச்சுக் கொன்னதாக. அன்பரசுன்னு பேர்."

அவளுக்கு அது தெரியாது. முகம் வெளிறிப்போனதை அவர் பார்த்தார். மறு நிமிஷம் அவள் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எலும்ப முறிச்சது நான்தான்னு சொல்றேன். அந்தக்காவப் பத்தி மட்டும் நீங்க சொல்லாதீங்க."

"எனக்கு வேலை குடுத்தவர்கிட்ட நான் பொய் சொல்றதில்ல."

"நீங்க சொல்ல வேணாம் சார். நான் சொல்லிக்கறேன்."

*

இளஞ்செழியன் வழியிலேயே இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். 108 அழைப்பின் பதிவைக் கேட்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. கேட்டாகிவிட்டது, அந்தப் பெண்ணையும் சிவகுமாரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், எழுதி வாங்கிக்கொண்டு அன்பரசை அனுப்பிவிடலாம். அந்தக் குரலில் ஒரு சங்கடம் இருந்தது. மன்னிப்பு இல்லை.

சிவகுமார் வீட்டில் தறி இரண்டும் துணி போட்டு மூடியிருந்தன. திலகவதி தண்ணீர் கொண்டுவந்தாள். வாசலில் நின்ற கனிமொழியைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றாள்.

இளஞ்செழியன் நடந்ததைச் சொன்னார். கொலை இல்லை, தறியில் உட்கார்ந்திருந்தபோதே இதயம் நின்றிருக்கிறது, எலும்பு முறிந்தது உயிரைக் காப்பாற்றப் பார்த்ததால். 6.33, 6.42, 6.55 என்று நேரங்களைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சிவகுமார் நேரங்களை விட்டுவிடவில்லை. கனிமொழியைப் பார்த்து, "ஒம்போது நிமிஷம் அமுக்கியிருக்கே. ஏன் நிறுத்தின?" என்று கேட்டார்.

"முடியலங்க. கை ஓஞ்சு போச்சு."

"இன்னும் கொஞ்சம் அமுக்கி இருக்கக் கூடாதாம்மா?" அவர் குரல் உயரவில்லை. அதனாலேயே கேட்க முடியாததாக இருந்தது. "வண்டி வந்துகினு இருந்துச்சே. இன்னும் கொஞ்சம்."

"தப்புத்தாங்க" என்றாள் கனிமொழி. "மன்னிச்சிருங்க."

செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இளஞ்செழியன் அவள் கையைத் தொட்டு நிறுத்தினார். அந்த அறையில் பேச வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.

"அவ நிறுத்தலங்க."

திலகவதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக அடைத்து வைத்த குரல் கரகரத்தது.

"நான்தாங்க முடியப் புடிச்சு இழுத்தேன். மாமாவ நசுக்கறான்னு நெனச்சேன். அவ அழுதுகினே சொன்னா, விடுங்கக்கா, விடுங்கக்கான்னு. நான் கதவச் சாத்திட்டேன். ஆம்புலன்ஸ்காரரு வந்து அவ செஞ்சதையே செய்யறாரு. அதே எடத்துல கைய வெச்சு, அதே மாதிரி அமுக்கறாரு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அப்புறம் எப்படிங்க வாயத் தொறப்பேன்?"

சிவகுமார் மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திலகவதி மெதுவாக நடந்து கனிமொழியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் இழுக்காம இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

பொய் சொல்வதற்கென்றே கிளம்பி வந்தவள் கனிமொழி. இளஞ்செழியனுக்கு அது தெரியும். ஆனால் திலகவதியின் கண்களைப் பார்த்தபின் அவளால் அது முடியவில்லை.

"தெரியாதுக்கா. ஃப்ளைட்ல ஷாக் குடுக்கற மெஷின் இருக்கும். வெறும் கையால அமுக்கிப் பொழைக்கறவங்க ரொம்பக் கொஞ்சம். இவரு அந்தக் கொஞ்சத்துல ஒருத்தரான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது."

திலகவதி தலையை ஆட்டினாள். அந்தப் பதிலோடுதான் இனி இருக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

சிவகுமார் எழுந்து வெளியே போனார். இளஞ்செழியன் பின்னாலேயே போனார். வேப்பமரத்தடியில் பைக் மேல் கை வைத்தபடி சிவகுமார் நின்றார்.

"நான் யார் மேல சார் கோவப்படறது?"

இளஞ்செழியன் இருபது வருஷம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதி எழுதிக் கொடுத்தவர்.

"வாங்க" என்றார். "மொதல்ல அன்பரசைக் கூட்டிகினு வரலாம்."

*

ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு முடிக்க முக்கால் மணி ஆயிற்று. கனிமொழி சொன்னதை ஒரு கான்ஸ்டபிள் எழுதினார். லண்டன் நேரம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

அன்பரசு உள்ளேயிருந்து வந்தான். நாற்பத்தைந்து வயது. மூன்று நாள் தாடி. வியாழக்கிழமை போட்ட அதே சட்டை. நேராக சிவகுமாரிடம் வந்தான். யார் கொன்றது, என்ன ஆச்சு, ஏன் என்னைப் பிடித்தீர்கள், எதுவும் கேட்கவில்லை.

"அய்யாவ எடுத்துட்டீங்களா?"

சிவகுமாரால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. "வெள்ளிக்கெழம சாயங்காலமே எடுத்துட்டோம்ணே."

"எடுத்துட்டீங்களா" என்றான் அன்பரசு மறுபடி, கேள்வியாக இல்லாமல்.

ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தான். செல்வி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. சிவகுமார் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு அதே படியில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு கொள்ளி வெச்சது, நீங்களா?" என்று கேட்டான் அன்பரசு.

"நான்தான்ணே."

"சொல்லுங்க" என்றான் அவன். "எப்படி எடுத்தீங்க, யாரெல்லாம் வந்தாங்க, எல்லாத்தையும் சொல்லுங்க."

சிவகுமார் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.